வீட்டை விற்றாயிற்று, வீட்டைப் பார்த்துக்கொண்டவர் எங்கே?

காரைக்குடி மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை வாசலில் பெரியவர் ஒருவர் படுத்துக்கொள்கிறார். ஷட்டர் இறங்கும்வரை எதிரே டீக்கடை பெஞ்சில் காத்திருப்பார். அப்புறம் யாருடைய காதணி விழாவுக்கோ அடித்த பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து, செருப்பு இரண்டையும் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்துக்கொள்வார். விடிகாலை நாலரைக்கு எழுந்து, கடை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் நகர்வார். கடைக்காரர் விரட்டாமல் இருப்பதற்கு அந்த வாசல்தான் காரணமாக இருக்க வேண்டும்.

வாசல் பெருக்குவது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம். கோட்டையூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பங்குக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் பின்கட்டில் இவரும் இவர் மனைவியும்தான். மனைவி போய்ச் சேர்ந்த இரண்டாம் வருஷம் பங்காளிகள் ஒருவழியாக ஒத்துப்போய் வீட்டை விற்றார்கள். தேக்குத் தூண்களுக்குச் சாக்பீஸால் நம்பர் போட்டு இறக்கியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரே இவர்தானாம்.

கையில் கொஞ்சம் பணம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வாடகைக்கு வீடு தேடினார். தனி ஆள், வயசாளி, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்று நாலு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். அட்வான்ஸுக்கு வைத்திருந்த பணம் லாட்ஜிலும் மருந்துக்கடையிலும் கரைந்தது. ரேஷன் கார்டு இன்னும் இருக்கிறது, இடித்த வீட்டின் கதவு எண்ணோடு. "அரிசி வாங்கிறலாம் தம்பி, உலை வைக்க அடுப்பு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பத்திர ஆபீசுக்கு அடுத்தபடியாக ஒரு வீடு கைமாறுவது தெரிகிற இடம் உங்கள் அலுவலகம்தான். சொத்து வரிப் பெயர் மாற்றம் உங்களிடம் வருகிறது. அதே இடத்தில் புதிதாகக் கட்ட வரைபட அனுமதியும் உங்களிடம் வருகிறது. அந்தத் தாள்களில் சதுர அடியிலிருந்து குழாய் இணைப்புவரை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆள் இனி எங்கே போவார் என்று கேட்கும் கட்டத்தை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேருங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை. 'ஆம், ஒருவர் இருக்கிறார்' என்று பதில் வந்தால் உங்கள் ஊழியர் ஒருவர் நேரில் போய், வாடகை இடம், முதியோர் உதவித்தொகை, கார்டில் முகவரி மாற்றம் ஆகிய மூன்றையும் அவர் அங்கே இருக்கும்போதே தொடங்கிவைக்கட்டும். தெருவுக்கு வந்த பிறகு இதே வேலை பத்து மடங்கு கடினம்.

இது என் சொந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் 2017-ல் ஒரு சட்டம் போட்டு 2018 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 56 நாளுக்குள் ஒருவருக்கு வீடு இல்லாமல் போகும் என்று தெரிந்தால், அப்போதே உள்ளூர் கவுன்சில் உதவியில் இறங்க வேண்டும். முன்பு அந்தக் கெடு 28 நாள். அதே வருஷம் அக்டோபரிலிருந்து, வீடிழக்கப்போகும் ஆளைக் கண்டால் அவர் சம்மதத்தோடு கவுன்சிலுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனைக்கும் சிறைக்கும்கூடக் கடமை. அங்கேயும் தெருவில் ஆட்கள் படுக்கத்தான் செய்கிறார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அலுவலகத்தின் வேலை வீடு போவதற்கு முன்பே தொடங்குகிறது. நம் அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்து அனுப்பும் ஆளுக்குப் போக இடம் இருக்கிறதா என்று கேட்டு உங்களுக்கு ஒரு போன் போட, சட்டம்கூடத் தேவையில்லை.

அடுத்தது தங்குமிடம். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் தங்க இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவு வைத்தார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே காரைக்குடி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024-ல் கோட்டையூரையும் கண்டனூரையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியும் ஆகிவிட்டோம். அந்த அளவுக்கு இங்கே எத்தனை படுக்கை, எந்தக் கட்டடத்தில், இரவு எத்தனை மணிவரை கதவு திறக்கும் என்று பஸ் ஸ்டாண்டில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். ஊருக்கு வெளியே கட்டினால் யாரும் போக மாட்டார்கள். அவர்களுக்கு மூட்டை தூக்கும் வேலையும் ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலையும் கிடைப்பது பஸ் ஸ்டாண்டைச் சுற்றித்தான். பெண்களுக்குத் தனி இடம் கட்டாயம் வேண்டும். இங்கே குளிர் ஆளைக் கொல்லாது, சரி. ஐப்பசி மழையில் அந்த ஃப்ளெக்ஸ் பேனரைப் படுக்கையாக விரிப்பதா, போர்வையாகப் போர்த்துவதா என்பதுதான் பெரியவரின் பிரச்சினை.

'இடம் கொடுத்தால் கூட்டம் கூடிவிடும்' என்பார்கள். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்துப் பழகிய ஊர் இது. காசியில் சத்திரம் கட்டியவர்களின் ஊரும்கூட. இன்றைக்குத் திண்ணைக்கெல்லாம் கம்பி போட்டாயிற்று, திருட்டுப் பயம், அதையும் புரிந்துகொள்கிறேன். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியதிலிருந்து தூண் போகிறதே, ஓடு போகிறதே என்று வருத்தப்பட நிறையப் பேர் இருக்கிறார்கள். தூணோடு சேர்ந்து வெளியே போன ஆளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் பட்டியலில் சேர வீடற்றவர் தாம் படுக்கும் இடத்தையே முகவரியாகக் கொடுக்கலாம். வாக்குச்சாவடி அலுவலர் இரவில் போய் அவர் அங்கே படுத்திருக்கிறாரா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. ஓட்டுக்காக ராத்திரியில் போக வழி இருக்கிறது. அதே மாதிரி ஒருநாள் இரவு நீங்களும் வார்டு வார்டாக நடந்து கணக்கெடுங்கள். பதினோரு மணிக்கு மேல் வந்தால், செக்காலை ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை வழி காட்ட நான் வருகிறேன். பாத்திரக்கடை வாசலுக்கு மட்டும் நாலரைக்கு முன்னால் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
செக்காலைவாசி ஒருவன்