தக்கைப்பூண்டு விதை சித்திரையிலேயே வேண்டும்

ஐயா,

மன்னார்குடி பக்கம் இரண்டு ஏக்கரில் குறுவை நெல் போடுகிறேன். நடவுக்கு முன் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து, சுமார் 45 நாளில் பூவெடுக்கும் சமயம் மடக்கி உழுதால் யூரியா செலவு குறையும். செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: வேரெல்லாம் கடுகு கடுகாக முடிச்சுகள், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைப்பது அதிலுள்ள நுண்ணுயிர்தான்.

ஏக்கருக்கு 20 கிலோ விதை வேண்டும். எங்கள் ஊருக்கு மானிய விதை வருவதோ ஆனியில், நாற்று பறிக்கிற நேரத்தில்! அப்புறம் 45 நாளுக்கு எங்கே போவது? கோடை மழை ஈரம் இருக்கும்போதே, சித்திரை முதல் வாரத்தில் விதை கிடைக்க வேளாண் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். மூட்டையில் முளைப்புத்திறனையும் எழுதினால் நல்லது.

சிறு விவசாயி,
மன்னார்குடி வட்டம்