ரோசெட் நெபுலாவின் பச்சை

மதுரை,
பிப்ரவரி

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய, ரோசெட் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்தின் படம் கிடைத்தது. பெங்களூர் மொட்டைமாடியில், தெருவிளக்குகளுக்கு நடுவே எடுத்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பெரிய திரையில் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜிசி 2244 விண்மீன் கூட்டத்தைச் சுற்றியிருக்கும் குழிவு அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும். பச்சையை மொத்தமாகத் துடைத்துவிட்டாய். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஹபிள் தொலைநோக்கிப் படங்களின் முறையில், தனித்தனி ஃபில்டரில் எடுத்த மூன்று தனிமங்களின் ஒளிக்கு மூன்று நிறம்: கந்தகம் சிவப்புக்கும், ஹைட்ரஜன் பச்சைக்கும், ஆக்சிஜன் நீலத்துக்கும் போகிறது. ஹைட்ரஜன் ஒளிதான் பெரும்பாலும் ஓங்கியிருக்கும், அதனால் மூன்றையும் அப்படியே சேர்த்தால் படம் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும். உடனே பலரும் பச்சை நீக்கும் கருவியை முழு வலுவில் ஓட்டிவிடுகிறார்கள். அது என்ன செய்கிறது என்று யோசித்துப் பார். ஒரு பிக்சலில் பச்சை, மற்ற இரண்டின் சராசரியைத் தாண்டினால் அந்தச் சராசரிக்கு வெட்டிவிடுகிறது. ஹைட்ரஜன் எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கேதான் வெட்டு விழுகிறது. இரவெல்லாம் விழித்துச் சேர்த்த நல்ல சிக்னல், அதாவது நெபுலாவின் நிஜ ஒளி, போய், அங்கே பலவீனமான மற்ற இரண்டு சேனல்களின் (நிறங்களின்) மணல் தூவியதுபோன்ற இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உன் படத்தில் அந்தக் கருந்தூசி முடிச்சுகளின் விளிம்பு மங்கியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பச்சையை வெட்டாதே, திருப்பு. மூன்று சேனலிலும் பின்னணி ஒளிச்சரிவை (ஒரு பக்கம் வெளிச்சம் கூடியிருப்பதை) முதலில் நீக்கிவிடு. பிறகு ஸ்டார்நெட் மென்பொருளில் விண்மீன்களைப் பிரித்துவிட்டு, ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக ஸ்ட்ரெட்ச் செய், அதாவது மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கு. ஆக்சிஜனும் கந்தகமும் ஹைட்ரஜனுக்குச் சமமாக எழுந்து வரும்வரை பொறுமையாக இழு. அப்புறம் சிவப்பில் கந்தகத்தோடு கொஞ்சம் ஹைட்ரஜனைக் கலந்தால் பச்சை தானாகப் பொன்னிறத்துக்கு நகரும். ஹைட்ரஜனின் வெளிச்சமும் நுணுக்கமும் அப்படியே இருக்கும். விகிதம் உன் கண்ணுக்குப் பிடித்தபடி. சிரில் மென்பொருளிலேயே இதெல்லாம் முடியும், காசு செலவழிக்க வேண்டாம்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், அந்த நிறங்களில் நெபுலாவின் இயற்பியலே இருக்கிறது. ஹைட்ரஜனை அயனியாக்க, அதாவது அதன் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க, 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். நாம் படமெடுக்கும் இருமுறை அயனியான ஆக்சிஜன் உருவாக அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல், சுமார் 35 வேண்டும். அவ்வளவு ஆற்றலுள்ள ஒளி கூட்டத்தின் நடுவிலிருக்கும் ஓ வகை எனப்படும் மிக வெப்பமான விண்மீன்களிடமிருந்துதான் வருகிறது. அதனால்தான் நீலம் உள்ளே தங்குகிறது, எளிதில் அயனியாகும் கந்தகம் வெளி ஓரத்தில் தெரிகிறது. அந்த ஓரத்தில் ஹைட்ரஜனைத் துடைத்துவிட்டால் இந்த அடுக்கு எப்படிப் புரியும்?

இது உண்மையான நிறமா என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. நாம் படமெடுக்கும் ஹைட்ரஜன் ஒளியின் (ஹைட்ரஜன் ஆல்ஃபா) அலைநீளம் 656.3 நானோமீட்டர், கந்தகம் 671.6, 673.1. இரண்டுமே கண்ணுக்குச் சிவப்புதான். வேறு வேறு நிறம் கொடுத்தால்தான் எது எங்கே என்று தெரியும். (7 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை விடும் உன் ஹைட்ரஜன் ஃபில்டர் 658.4இல் இருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனோடு சேர்த்தே விடும், அதையும் நினைவில் வை.) நிறம் பார்க்கும் கண்ணையும் பொறுத்ததுதான்: அம்மாவுக்குப் போன வாரம் வலது கண்ணில் புரை எடுத்தோம். இப்போது ஒரு கண்ணுக்குப் புடவை பளீரென்ற நீலம், மறு கண்ணுக்குப் பழுப்பு கலந்த நீலம். பழைய லென்ஸ் மஞ்சளித்திருந்ததால் அப்படி. மாற்றி மாற்றிக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தங்கச்சிக்கு இயற்கைக்கு நெருக்கமாக வேண்டுமென்றால், ஹைட்ரஜனைச் சிவப்பிலும் ஆக்சிஜனைப் பச்சை, நீலம் இரண்டிலும் போட்டு ஒரு படம் செய்து கொடு. நிறமாலையில் தெரியும் ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஒளிக்கோடு நிஜமாகவே நீலப்பச்சைதான்.

அந்தக் கோட்டுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1864இல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவை, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானியில் பார்த்தபோது, தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத கோடு ஒன்று தென்பட்டது. புதிய தனிமமாக இருக்கும் என்று எண்ணி, பின்னாளில் 'நெபுலியம்' என்று பெயரே வைத்தார்கள். 1927இல்தான் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் அது ஆக்சிஜன் என்று காட்டினார். பூமியின் அடர்த்தியில் அணுக்கள் மோதிக்கொண்டே இருப்பதால் அந்த ஒளி வெளிவர வாய்ப்பில்லை. நெபுலாவின் மெல்லிய வெறுமையில்தான் அதற்கு அவகாசம் கிடைக்கிறது. அதை நீ உன் மாடியில் பிடித்திருக்கிறாய். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

உன் ஆக்சிஜன் சேனலில் இரைச்சல் அதிகம். நிலா இல்லாத இரவுகளை அதற்கே ஒதுக்கு. நிலவொளி நீலப்பச்சைப் பக்கத்தைத்தான் அதிகம் கெடுக்கும். ஹைட்ரஜனையும் கந்தகத்தையும் நிலா நாளில் எடுக்கலாம். இரைச்சல் பாதியாக வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் சேர்க்கவேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது, இரைச்சல் நீக்கும் மென்பொருள் அதற்கு ஈடாகாது. விண்மீன்கள் ஊதா நிறத்தில் வந்திருப்பதைச் சரிசெய்ய, சாதாரண ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல) ஃபில்டர்களில் சில குறுகிய எக்ஸ்போஷர்கள் எடுத்துக் கடைசியில் சேர்த்துக்கொள்.

ரோசெட் மார்ச் முடியும்வரை முன்னிரவில் நமக்கு வசதியாகவே இருக்கும். ஸ்டாக் செய்த (பல எக்ஸ்போஷர்களை ஒன்றாகச் சேர்த்த) மூன்று கோப்புகளையும் ஸ்ட்ரெட்ச் செய்யாமல் அப்படியே அனுப்பு. நானும் ஒருமுறை செய்து பார்க்கிறேன், பக்கத்தில் வைத்துப் பேசுவோம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
மாப்பிள்ளை