செய்தியையும் செய்திக்குறிப்பையும் ஒரே மேசையில் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இதழியல் பட்டம் வாங்கி வருபவர்களுக்கு நாலு வரி பிழையில்லாமல் எழுத வரவில்லை என்று வாசகர் ஒருவர் உங்கள் பக்கத்தில் வருத்தப்பட்டிருந்தார். பிழை இருப்பது உண்மைதான். ஆனால் ஒற்றுப்பிழையைத் திருத்தப் பத்திரிகையின் டெஸ்க்கில், அதாவது செய்திகளைச் செப்பனிடும் பிரிவில், ஆள் உண்டு. அதைவிடப் பெரிய குறை பாடத்திட்டத்தை அமைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. நான் பல வருடம் செய்தி டெஸ்க்கில் உதவி ஆசிரியராக இருந்தவன். இப்போது ஒரு கல்லூரியில் பகுதிநேரமாக எழுத்து வகுப்பு எடுக்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததால் இந்தக் கடிதம்.

இதழியல், மக்கள் தொடர்பு (பி.ஆர்.), தொழில்முறை எழுத்து மூன்றும் ஒரே துறையில், ஒரே மாணவர்களுக்கு நடக்கின்றன. ஆனால் தனித்தனி பேப்பர் (பாடம்), தனித்தனி ஆசிரியர்கள். ஒருவர் வகுப்பில் என்ன சொன்னார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. காலை வகுப்பில், சொல்லாத ஒன்றை ஒருவர் சொன்னதாக எழுதினால் வேலையே போய்விடும் என்று கற்றுக்கொடுக்கிறோம். மதியம் பி.ஆர். வகுப்பில், "நிர்வாக இயக்குநர் கூறியதாவது" என்று போட்டு அவர் பேசுவதுபோல் இரண்டு வரி எழுதிக்கொண்டு வரச் சொல்கிறோம். "சார், காலையில் தப்பாக இருந்தது மதியம் எப்படிச் சரியாகும்?" என்று ஒரு மாணவி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பாடத்திட்டத்தில் எங்கேயும் இடமில்லை. ஆளுக்கொரு பேப்பர் நடத்தும்போது இது யார் பேப்பரிலும் வராது.

பதில் அப்படி ஒன்றும் கடினமில்லை. நிறுவனங்கள் பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பில் வரும் மேற்கோளைப் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி) எழுதித் தருகிறார். சம்பந்தப்பட்டவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறார். ஒப்புதல் தந்த பிறகு அது அவருடைய வார்த்தை, அதற்கு அவரே பொறுப்பு. ஒப்புதல் வாங்காமல் அனுப்பினால் பி.ஆரிலும் அது பொய்தான். இதற்கு இன்னொரு பாதி உண்டு, அது டெஸ்க்கில் நடப்பது. அப்படி வந்த இரண்டு வரியை எடுத்து "நிருபர்களிடம் அவர் கூறினார்" என்று போட்டுவிடுகிறார்கள். அவர் எந்த நிருபரையும் பார்க்கவில்லை, மெயில் மட்டுமே வந்தது. "நிறுவனத்தின் செய்திக்குறிப்பில் கூறப்பட்டுள்ளது" என்று எழுதினால் வாசகருக்கு உண்மை தெரியும். நான் டெஸ்க்கில் இருந்தபோது சலிக்காமல் திருத்திய வாக்கியங்களில் இது ஒன்று. திருத்தி அனுப்பினால், "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்பார்கள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். ஒன்றில்லை என்று கல்லூரியில் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இதற்காக வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். ஒரு பக்கத்தில் கற்பனையான தகவல்தாள். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் குளோரின் கசிகிறது. கசிவு தெரிந்தது மாலை 4.10. அபாயச் சங்கு ஒலித்தது 4.55. கசிவை அடைத்தது 6.20. மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் 14 பேர். வால்வை மாற்ற வேண்டிய கெடு இரண்டு மாதம் முன்பே முடிந்துவிட்டது. இதை வைத்து முதலில் நிறுவனத்தின் செய்திக்குறிப்பு எழுதச் சொன்னேன்.

வந்தவற்றில் ஒன்று இப்படி இருந்தது: "வழக்கமான பணிகளின்போது ஏற்பட்ட சிறு இடையூறு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை." ஒரு பிழை கிடையாது. பி.ஆர். பேப்பரில் போட்டால் நல்ல மார்க் வாங்கும். சரி, இப்போது நீங்கள் நிருபர்கள், உங்கள் கையில் இருப்பது இந்தக் குறிப்பு மட்டும்தான், கேள்வி கேளுங்கள் என்றேன். எழுதிய குழுவே எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

"உடனடியாக என்றால் எத்தனை மணிக்கு?" என்பது முதல் கேள்வி. தாளைப் புரட்டினார்கள். 4.10க்கும் 4.55க்கும் நடுவே 45 நிமிடம் கிடந்தது. அதை எழுதும்போது அவர்களில் ஒருவரும் கழித்துப் பார்த்திருக்கவில்லை. அடுத்தது, "சிறு இடையூறு என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா?" தாளில் 14 பேர் மருத்துவமனையில் இருந்தார்கள். அதற்குப் பிறகு "வழக்கமான பணி" மாட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் அங்கே எந்தப் பணியும் நடக்கவில்லை. யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. மாதிரிக் குறிப்புகளைப் பார்த்துப் பழகிய கை தானாக எழுதிவிட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கேட்டாலும் இதேபோன்ற வாக்கியங்களை நொடியில் கொட்டிவிடும். அது இருக்கட்டும்.

மறுபடி எழுதச் சொன்னபோது குறிப்பே மாறிவிட்டது. எத்தனை பேருக்குப் பாதிப்பு என்பது முதல் வரிக்கு வந்தது. கசிவு தெரிந்த நேரம், சங்கு ஒலித்த நேரம் இரண்டையும் போட்டு, தாமதத்துக்கான காரணத்தை விசாரிப்பதாக எழுதினார்கள். வால்வின் கெடு முடிந்ததையும் மறைக்கவில்லை. பி.ஆர். கணக்கிலேயே இரண்டாவதுதான் நல்ல குறிப்பு. நாளைக்கு ஒரு நிருபர் தோண்டி எடுத்து அம்பலப்படுத்த அதில் எதுவும் மிச்சமில்லை. "இதை எந்தக் கம்பெனி சார் வெளியே விடும்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. பல கம்பெனிகள் விடாது. விடச் சொல்லி உள்ளே வாதாடத் தெரிந்தவர்தான் பி.ஆர்.ஓ. என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மூன்றாவதாக, சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஓர் அறிவிப்பு. இது தொழில்முறை எழுத்துப் பேப்பரில் வருவது, மாணவர்கள் கொட்டாவி விடும் பகுதி. முக்கால்வாசிப் பேர் "பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று எழுதினார்கள். பாதுகாப்பான இடம் என்றால் மாடியா, கீழ்த்தளமா? குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மேட்டுக்கோ மேல் மாடிக்கோ போக வேண்டும். பயந்துபோய் அடித்தளத்தில் ஒளிபவர் விஷத்துக்குள் இறங்குகிறார். இந்த ஒரு விவரத்தை யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது என்பது நிருபர் வேலை. அதை ஒரே வரியில், பதற்றத்தில் படிப்பவருக்கும் புரிகிற மாதிரி எழுதுவது தொழில்முறை எழுத்து. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

எழுதியதோடு வேலை முடிவதுமில்லை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தது. அப்படிப்பட்ட ஆபத்தைப் பற்றி அந்த உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 1978 பிப்ரவரியிலேயே எழுத்தில் எச்சரித்திருந்தார். அந்தத் தாள் அலுவலகத்துக்குள்ளேயே சுற்றியது, உலையை இயக்குபவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு மெமோ யாருக்குப் போகிறது, அவர் அதைப் படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும் என்று பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றையும் கலந்தால் இதழியல் மாணவர்கள் வளைந்துகொடுக்கப் பழகிவிடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். தனித்தனியாக வைப்பதால்தான் வளைகிறார்கள் என்பது என் அனுபவம். எங்கள் பாடக்குறிப்பில் அமெரிக்கரான ஐவி லீ பற்றி ஒரு பக்கம் உண்டு. நிருபராக இருந்து பி.ஆருக்குப் போனவர். 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி ரயில் விபத்தில் 50 பேருக்கு மேல் இறந்தபோது, மூடி மறைக்காமல் ரயில்வே நிறுவனத்தின் பெயரில் அறிக்கை விட்டு, நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போகச் செய்தவர். இதோடு பக்கம் முடிந்துவிடும். 1914இல் கொலராடோ நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது அதே லீ சுரங்க முதலாளிகளுக்காகப் பிரசுரங்கள் வெளியிட்டார். தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கிய பணத்தைப் பெருக்கிக் காட்டும் தப்புக் கணக்கு அவற்றில் இருந்தது. விசாரணையில் கேட்டபோது, தனக்குத் தந்த தகவல்களைத் தான் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். இந்த இரண்டாவது கதையைச் சேர்த்துச் சொன்னால்தான் முதல் கதைக்கே அர்த்தம் வரும். நிருபராகச் சரிபார்த்துப் பழகிய கை, சம்பளம் தருபவர் மாறியதும் சரிபார்ப்பதை விட்டுவிட்டது. இது இதழியல் பாடமா, பி.ஆர். பாடமா என்று என்னைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

மதிப்பெண்ணையும் மாற்ற வேண்டும். இப்போது முடிந்த பிரதிக்கு மட்டும் மார்க். யாரிடம் பேசினாய், எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, எந்த எண்ணை எப்படிச் சரிபார்த்தாய் என்று குறிப்பேட்டுக்கும் பாதி மார்க் வைத்தால் போதும். அழகாக எழுதத் தெரியாத, ஆனால் விடாமல் கேள்வி கேட்கும் பிள்ளைகள் அப்போதுதான் தெரிய வருவார்கள். டெஸ்க்கில் நான் பார்த்த நல்ல நிருபர்களில் பாதிப் பேர் அந்த ரகம். துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பல்கலைக்கழக விதியில் இடமில்லை என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பாடத்திட்டம் திருந்தும் வரை காத்திருக்காமல் உங்களைப் போன்ற பத்திரிகைகள் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. தினமும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து குவியும் செய்திக்குறிப்புகளில் பழையவற்றை, பெயர், தொலைபேசி எண் நீக்கி, அதே விஷயம் மறுநாள் அச்சான வடிவத்தோடு சேர்த்துக் கல்லூரிகளுக்குக் கொடுங்கள். எது வெட்டப்பட்டது, எது மேலே வந்தது, எந்தக் குறிப்பு அப்படியே போய்விட்டது என்று மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அப்படியே போனவற்றையும் தயங்காமல் சேர்த்துக் கொடுங்கள். வகுப்பில் அவற்றுக்குத்தான் அதிக நேரம் தேவைப்படும். உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பகுதிநேர விரிவுரையாளர், முன்னாள் உதவி ஆசிரியர்
(பெயர் வெளியிட வேண்டாம்)