டவர் ஃபுல், லைன் மட்டும் போகவில்லை

அன்பு மாப்ள,

மூன்று மாதமாகப் பதில் போடாதது தப்புதான், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். குண்டன் உன் சைக்கிளை இன்னும் தரவில்லை.

ஆழித்தேர் அன்று, தேர் தெற்கு வீதிக்குத் திரும்புகிற முனையில், கூட்டம் தள்ளிய தள்ளில் அப்பாவின் கை நழுவிவிட்டது. 80 வயது, சர்க்கரை வேறு. போனில் டவர் ஃபுல்லாகக் காட்டுகிறது, அழுத்தினால் லைன் போகவில்லை, மறுபடி, மறுபடி, அரை மணி நேரம். கடைசியில் நீர்மோர்ப் பந்தலில் இருந்தார், இடுப்பில் போனைச் செருகிக்கொண்டு.

டவர் வேலையில் தினமும் இந்த அழைப்புகளின் பதிவைத்தான் (லாக்) பார்க்கிறேன், ஆனால் அன்றுதான் வயிற்றைக் கலக்கியது. போனில் தெரியும் அந்த சிக்னல் கோடுகள், டவர் பேசுவது நமக்குக் கேட்கிறது என்று மட்டுமே சொல்கின்றன. நாம் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பது வேறு கதை. சும்மா கிடக்கும் 4ஜி போன் டவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்குமே தவிர, இணைப்பில் இருக்காது. டயல் செய்ததும் 64 பிரியாம்பிள்களுக்குள், அதாவது டவரின் கதவைத் தட்டும் சிறு சைகைகளுக்குள், ஒன்றை எடுத்து அனுப்பும், டவர் பதில் தந்தால் 'இணைப்பு வேண்டும்' என்று கோரிக்கை போகும். அதே நொடியில் பக்கத்து ஆளின் போனும் அதே பிரியாம்பிளை எடுத்திருந்தால் இரண்டு கோரிக்கையும் மோதும், ஒன்று தப்பலாம், இரண்டுமே வீணாகலாம், தோற்றது கொஞ்சம் பொறுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைத் தாண்டினால்தான் இணைப்பு. அப்புறம் குரலுக்கென்று தனிப் பாதை திறக்க வேண்டும், கியூசிஐ 1 என்போம். இவ்வளவும் என் பக்கம் மட்டும்! அப்பாவின் போனும் 'உனக்கு அழைப்பு' என்று டவர் கூப்பிடும் பேஜிங்கைக் கேட்டு இதே வாசலில் முட்டி மோதித்தான் உள்ளே வரணும்.

அந்த முதல் கோரிக்கையிலேயே எதற்காக என்று சொல்ல ஓர் இடம் உண்டு மாப்ள. 112 அழைத்தால் போன் அதில் 'அவசரம்' என்று எழுதும், நெரிசலில் டவர் மற்றவர்களை நிறுத்திவிட்டு அதை முதலில் விடலாம். அப்பாவைக் காணோம் என்று மகன் போடுவது அதற்குச் சாதாரண அழைப்புதான்.

இத்தனை ஜனம் வருமென்று ஊருக்கே தெரியும், சக்கரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற டவர் ஒன்றை அன்று வைத்திருக்கலாமே? அடுத்த தேருக்குள் மனு போடப் போகிறேன், நீதான் எழுதித் தர வேண்டும்.

இனிமேல் பிரிந்தால் கமலாலயக் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் வாசலில் நிற்பது என்று அப்பாவிடம் பேசி வைத்திருக்கிறேன். நீ தேருக்கு வந்தாலும் அங்கேதான்.

உன்
மாப்ள