முந்தி வந்தவர்கள் நல்லவர்கள்

எங்கெல்பெர்க், சுவிட்சர்லாந்து,
மாசி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலமாயிருக்க நல்லூரான் துணை. கிளியக்காவின் மகள் கொண்டுவந்த பார்சலும் உங்கள் கடிதமும் கிடைத்தன. வழியில் மிளகாய்த்தூள் உறை உடைந்து ஒடியல் மாவோடு, அந்தப் பனங்கிழங்கு மாவோடு, கலந்துவிட்டது. பிரிக்க வழியில்லை, அப்படியே கூழ் காய்ச்சிக் குடித்தேன். காணி விஷயமும் இருப்பதால் நானும் கடிதமாகவே எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடுவார், பின்வளவு முழுக்கக் கேட்கும்.

டிவியில் எங்கள் டிட்லிஸ் மலையைக் காட்டினார்கள், சேலைக்கு மேல் கோட்டுப் போட்ட பெண்கள் பனியை அள்ளி எறிந்தார்கள், இனித் தம்பிக்கு ஆட்கள் இல்லாத குறை இல்லை என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் சித்திரைக்கு மேல்தான் வருவார்கள், அக்கா. இந்தியாவில் வெயில் ஏறப் பள்ளி விடுமுறை விட வேண்டும். லுசேர்னிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, சுழலும் கேபிள் காரில் 3,020 மீட்டர் உயரத்துக்குப் போய், பனியைத் தொட்டு, படம் எடுத்து, தேநீர் குடித்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடுவார்கள். பனிச்சறுக்குப் பலகையைத் தொடுவதில்லை. இப்போது மாசியில் வருவது சறுக்குகிற கூட்டம்: ஒரு கிழமை ஒல்லாந்தர், மறு கிழமை ஜெர்மானியர், பிறகு ஆங்கிலேயர். பனிக்காலம் முழுக்க ஸ்வீடன் பிள்ளைகள். நல்ல பனி விழுந்த அன்று அவர்களில் ஒருவரும் காலைச் சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை. ரொட்டியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடுவார்கள்.

கீழ்வீட்டுக் கிழவர் இன்னும் இருக்கிறார். உடுப்புத் துவைக்கும் அறைச் சாவியை நான் அரை மணி நேரம் பிந்திக் கொடுத்தேன் என்று ஒரு மாதம் பேசாமலிருந்தாரே, அவர்தான். இப்போது பேசுகிறார். விடியுமுன் வாசல் பனியைச் சுவர் கட்டியது போல நேராக வெட்டி ஒதுக்குவார். பிறகு மர அளவுகோலைக் குத்தி எத்தனை சென்டிமீட்டர் என்று கொப்பியில் எழுதுவார். கேபிள் காரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உலகத்து நாடுகளையெல்லாம் டிக்கெட் ஜன்னல் வழியாகப் பார்த்தே தரம் பிரித்து வைத்திருக்கிறார். தரம் பிரிப்பதில் ஒரே ஒரு விதி: முந்தி வந்தவர்கள் நல்லவர்கள், இப்போது வருகிறவர்கள் மோசம்.

அவர் கணக்கில் ஆங்கிலேயர் முதல் தரம். குளிர்காலத்தில் இந்த மலைகளுக்கு ஆள் வரப் பழக்கியதே அவர்கள்தான் என்பார். அது பொய்யில்லை. 1864இல் சென் மோரிட்சில் பாட்ருட் என்ற ஹோட்டல்காரர், பனிக்காலத்திலும் இங்கே வெயில் அடிக்கும், பிடிக்காவிட்டால் போக்குவரத்துச் செலவு என்னுடையது என்று ஆங்கிலேய விருந்தாளிகளிடம் பந்தயம் கட்டினார் என்பது இங்கே பழங்கதை. பிறகு ஜெர்மானியர் நிறைய வந்தபோது, சத்தம் போடுகிறார்கள், எல்லாம் தங்கள் ஊர் என்று நினைக்கிறார்கள் என்று இதே கிழவர் முணுமுணுத்தாராம். 2015 தை 15ஆம் திகதி சுவிஸ் தேசிய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 பிராங் என்று பிடித்து வைத்திருந்த கயிற்றை விட்டுவிட்டது. அன்றைக்கே யூரோ ஒரு பிராங்குக்குக் கிட்ட இறங்கியது, யூரோ கொண்டு வருகிறவர்களுக்கு இங்கே எல்லாம் விலை கூடிப்போனது. அந்தப் பருவம் எங்கள் ஹோட்டலுக்கு வந்த ஜெர்மானியர் பலர் அடுத்த பருவம் ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஜெர்மானியர் பண்பான மனிதர்கள். நான் சென் மோரிட்சில் கோப்பை கழுவிய காலத்தில் தை 7ஆம் திகதி ரஷ்யர்களின் நத்தார். அந்தக் கிழமை சமையலறையில் நித்திரையே கிடையாது. அவர்களை ஏசாத ஆளில்லை. 2022 போருக்குப் பிறகு விமானமும் இல்லை, ரஷ்யர்களும் இல்லை. இப்போது அங்கே உள்ளவர்கள், என்ன இருந்தாலும் கை நிறையத் தந்தார்கள் என்கிறார்கள்.

எங்களுடைய நிறத்து ஆட்களுக்கு அந்த மாதிரி நல்ல பெயர் வர இன்னும் காலம் இருக்கிறது. பக்கத்து ரிகி மலையில் 2015இல் ஆசியக் குழுக்களுக்கென்று ரயிலில் தனிப் பெட்டி ஒதுக்கினார்கள். நெரிசலைக் குறைக்கவாம். டாவோசில் போன வருடம் மாசியில் ஒரு கடையில், யூதர்களுக்குப் பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்கு இல்லை என்று எபிரேய மொழியிலேயே எழுதி ஒட்டி, உலகம் முழுக்கச் செய்தியாகிப் பொலிஸ் வரை போனது. ஸ்வீடன் பிள்ளை குடித்துவிட்டுத் தெருவில் வாந்தி எடுத்தால் அது இளவயது. குஜராத்திக் கிழவி பஸ் நிலைய வாங்கில் தெப்லா ரொட்டியைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டால் அது கலாசாரப் பிரச்சினை. கிழவருடைய பேரன் அதே கேபிள் காரில் வேலை செய்கிறான். சறுக்க ஆளில்லாத வைகாசியிலும் அவன் சம்பளம் ஓடுவது படம் எடுக்க வருகிற கூட்டத்தால்தான். கிழவரிடம் இதை ஒரு நாள் சொன்னேன். அளவுகோலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கூட்டத்தால் எனக்கும் வேலை நீள்கிறது. முந்தி பங்குனியோடு ஹோட்டலை மூடி ஆனியில்தான் திறப்பார்கள். இப்போது இடையிலும் குழு வருகிறது. போன வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, நீ இந்தியச் சமையல் செய் என்றார். நான் இலங்கை என்றேன். அதற்கென்ன, பக்கம்தானே என்றார். வந்தவர்கள் சமணர்கள். வெங்காயம் வேண்டாம், உள்ளி வேண்டாம், உருளைக்கிழங்கும் வேண்டாம். அம்மாவின் சரக்குத்தூளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பருப்பும் கோவாவும் வைத்து, சீரகம் தாளித்துக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவர், எந்த மாநிலம் நீ என்று ஹிந்தியில் கேட்டார். இங்கே டிக்கெட் ஜன்னலிலும் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் ஆங்கிலத்தில், குழு எங்கே என்று கேட்பதுண்டு. ஜெர்மனில் பதில் சொன்னால் முகம் சிவக்கும்.

இனி வருவதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். மாரி நன்றாகப் பெய்து கிணறு முட்டி நிற்கிறது, கயிறு இல்லாமல் கையால் எட்டி அள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. பாசிப் படியில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்து சிரட்டையால் அள்ளியது, அப்பா கண்டு பூவரசம் தடி முறித்துக்கொண்டு ஓடி வந்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. இங்கே குழாயைத் திறந்தால் மலைத்தண்ணீர் வருகிறது, நல்ல தண்ணீர்தான். எனக்கு என்னவோ அந்தக் கொஞ்சம் உப்புக் கரிக்கிற தண்ணீர்தான் தாகம் தீர்க்கும் போலிருக்கிறது. சரி, விடுங்கள்.

இந்த மாதம் அனுப்பியது குறைவு என்று அத்தான் கணக்குப் பார்க்க வேண்டாம். மருத்துவக் காப்புறுதி போன வருடம் சராசரி 8.7 வீதம் ஏறியது, இந்த வருடம் இன்னும் 6 வீதம். இங்கே எல்லோருக்கும் உள்ளதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. வைகாசிக்குள் சேர்த்து அனுப்புவேன். கோயில் உபயத்தை மட்டும் விட வேண்டாம், அது அப்பாவின் பெயர். சின்னவள் உயர்தரத்தில் கணிதம்தான் படிப்பேன் என்றால் படிக்கட்டும். கலியாணத் தரகரை இப்போது வீட்டுக்கு அண்ட விடாதீர்கள்.

வேலி விஷயம். வடக்குப் பக்கம் அவர்கள் ஓரடி உள்ளே கதியால் நட்டது உண்மை என்றால் சத்தம் போட வேண்டாம், சேவையரைக் கூட்டி வந்து அளக்கட்டும். அளக்குமுன் அத்தான் கோபத்தில் ஒரு கதியாலையும் பிடுங்கக்கூடாது. பெரியப்பாவின் மூத்தவன் கனடாவிலிருந்து பங்கை விற்கக் கேட்கிறானாம். வெளியாருக்குக் கொடுக்க வேண்டாம், எனக்குத்தான் தர வேண்டும், விலையை நான் அவனோடு பேசிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அதுவரை நொத்தாரிசு எந்தத் தாளை நீட்டினாலும் அம்மா கையெழுத்து வைக்கக்கூடாது. காணி உறுதிப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கமும் வேண்டும், எல்லை விபரம் அதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
தம்பி