கல்லாற்றில் குடை பிடித்த அக்காவுக்கு

2018இல் பத்மஸ்ரீ பெற்ற காணிக்காரப் பழங்குடி வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர் என்பதாலேயே நாகர்கோவிலிலிருந்து கேரளத்தின் கல்லாறு போனேன். பொன்முடிச் சாலையில் இறங்கியதும் மழை; காலில் இரண்டு அட்டைகள். விறகுக்கட்டை இறக்கிவைத்து, மடியிலிருந்த உப்பைத் தூவினீர்கள். சுருண்டு விழுந்தன. பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை, என்ன மனிதன் நான்!

காட்டில் களைப்புத் தெரியாமலிருக்க உங்கள் பாட்டி ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் காயை மென்றபடி நடப்பாராம். அதிலிருந்துதான் பிற்பாடு 'ஜீவனி' மருந்து வந்தது. பேரப்பிள்ளைகளோ காய்ச்சல் என்றால் மாத்திரைக் கடைக்கு ஓடுகிறார்கள் என்று சிரித்தீர்கள். பச்சிலை பறிக்கும் பக்குவம் யாருக்குத் தெரியும் என்றபோது மட்டும் குரல் தாழ்ந்தது.

பஸ் வரும்வரை குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தீர்கள். உங்கள் இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. நன்றி அக்கா.