சுளகுக்கு அடியில் இருந்த மாத்திரை

நெல்லைப் பக்கத்துச் செவிலியர் கல்லூரிகளில் சமூக நலப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முக்கூடல் பக்கத்துக் கிராமங்களில் பல வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் மாணவிகள் இப்போதும் எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். திண்ணையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, கை கழுவிவிட்டுப் பிரஷர் பார்க்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் நோட்டை எடுத்து எழுதுகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெயர், வயது, பிரஷர், சுகர், வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா. பத்து நிமிடத்தில் அடுத்த வீடு. அந்த வீட்டில் யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்பது நோட்டில் ஏறுவதே இல்லை.

நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பீடி சுற்றும் ஆச்சி ஒருத்தி. எத்தனை மாதம் பார்த்தாலும் பிரஷர் இறங்கவில்லை. ‘மாத்திரை போடுதியளா’ என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். நான் சத்தம் போட்டுவிட்டு வருவேன். ஒருநாள் பீடி சுற்ற மடியில் வைத்திருந்த சுளகை, அதாவது முறத்தை, அவள் நகர்த்தியபோது, அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் இரண்டு கிடந்தன. கோபப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையை வெட்டிக்கொண்டே சொன்னாள்: “அதப் போட்டா எந்திரிச்சு எந்திரிச்சு ஒண்ணுக்குப் போகணும்லா நர்சம்மா. எந்திரிச்சா எண்ணிக்கை கொறையும்.” அது நீர் பிரிக்கிற மாத்திரை. அவர்கள் வீட்டில் கழிப்பறை கிடையாது. பகலில் ஒதுங்க இடமும் இல்லை. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் மருமகள் முகம் மாறும், ஏனென்றால் பேத்தியின் பள்ளிக்கூடப் பணம் அந்தக் கூலியில்தான் போகிறது. மகன் சவுதியில். ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்பதை வெள்ளிக்கிழமை அவன் போனில் பேசி முடிவு செய்வான். இத்தனை பேர் கை வைத்திருக்கும் ஒரு மாத்திரையை நான் ஆச்சியின் பிடிவாதம் என்று எழுதி வைத்திருந்தேன்.

மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றியதும் பிரஷர் இறங்கியது. சரி, அந்த வீடு தப்பித்தது. இதே மாதிரி எத்தனை வீடுகளில் நான் வெறும் அறிவுரை சொல்லிவிட்டு வந்தேனோ என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இதற்கு வழி உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கனடாவின் கால்கரியில் லோரெய்ன் ரைட், மௌரீன் லீஹி என்ற இரண்டு செவிலியர்கள் 1984இல் ஒரு குடும்பத்தை மதிப்பிடுவதற்கான மாதிரி ஒன்றை எழுதினார்கள். குடும்பத்தின் அமைப்பு, அது இப்போது நிற்கும் வாழ்க்கைக் கட்டம், அது நாள்தோறும் நடக்கும் விதம் என்று மூன்றையும் பார்க்கச் சொன்னார்கள். மூன்று தலைமுறையை வட்டமும் சதுரமுமாக வரைந்து நோயைக் குறிக்கும் குடும்ப வரைபடம் அதில் வருகிறது. ஆன் ஹார்ட்மன் 1970களில் சமூகப் பணிக்காக உருவாக்கிய சூழல் வரைபடமும் வருகிறது. அதில் குடும்பம் நடுவில். சுற்றிலும் வேலை, கோயில், பள்ளிக்கூடம், சொந்தக்காரர்கள். உறவு பலமானால் தடித்த கோடு, உரசலானால் வளைந்து நெளிந்த கோடு. ஆச்சி வீட்டுக்கு இதைப் போட்டால் பீடிக்கடை, வட்டிக்குப் பணம் கொடுப்பவர், மகளிர் குழு, சவுதி போன், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒரே தாளில் தெரியும். எந்தத் தெருவுக்குக் குழாய் கடைசியாக வந்தது என்பதும் தெரியும். அதை மரியாதைக்காக விட்டுவிடச் சொல்லாதீர்கள்; வயிற்றுப்போக்கு அந்தத் தெருவில்தான் முதலில் வருகிறது.

ஒன்றை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். குடும்ப வாழ்க்கைக்கு ஈவ்லின் டுவால் என்ற ஆய்வாளர் சொன்ன எட்டுக் கட்டங்கள், கல்யாணமான தம்பதியில் தொடங்கி முதுமையில் முடிகிற அந்த வரிசை, நம் வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. தாயும் தகப்பனும் திருப்பூரில் வேலைக்கு இருக்க, பிள்ளைகளை ஆச்சி வளர்க்கிற வீடு எந்தக் கட்டம்? புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மகள் எந்தக் கட்டம்? பரீட்சைக்கு எட்டையும் மனப்பாடம் செய்யட்டும். அதோடு, தான் பார்த்த வீடு ஏன் அந்த எட்டில் அடங்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதவும் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுங்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். அதே ரைட்டும் லீஹியும் 15 நிமிடத்துக்குள் முடிகிற குடும்பப் பேட்டியையும் எழுதியிருக்கிறார்கள். பெயர் சொல்லி அறிமுகம், ஒரு சின்ன வரைபடம், இரண்டு மூன்று கேள்விகள், அந்தக் குடும்பம் நன்றாகச் செய்யும் ஏதாவது ஒன்றைக் கண்டு வாய்விட்டுச் சொல்வது. இந்தக் கடைசி விஷயத்தை நான் பணியில் இருந்தபோது ஒருநாளும் செய்ததில்லை. கழுத்தும் முதுகும் இற்றுப்போக உட்கார்ந்து பேத்தியைப் படிக்க வைக்கிற ஆச்சியிடம், “நீங்க செய்யது பெரிய காரியம் ஆச்சி” என்று ஒரு செவிலியர் சொன்னால், அடுத்த தடவை அட்டையைச் சுளகுக்கு அடியில் ஒளிக்க மாட்டாள்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை இப்போது வீட்டுக்கே வருகிறது. அது பெரிய உதவி. ஆனால் வாசல் வரை வந்த மாத்திரை வாய்க்குப் போகிறதா என்பதை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கிற ஆள்தான் சொல்ல முடியும். உங்கள் மாணவிகள் அந்த ஆளாக வேண்டும். அடுத்த முறை அனுப்பும்போது ஒரு மாணவிக்கு இருபது வீடு கொடுக்காமல் மூன்று வீடு கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தடவை போகட்டும். அதில் ஒரு தடவையாவது மருமகளும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போகட்டும். எங்கள் தெருவுக்கு வந்தால் வீடு காட்ட நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்